அல்தாபுக்குப் போன சீப்புகள்

"பத்தும் ஒரே மாதிரியாவா கேட்டாங்க?"

"ஆமா தங்கச்சி. கொடி போட்ட சீப்பு ஒண்ணு அனுப்பினீங்கள்ல... அதே மாதிரி பத்து."

"பத்து சீப்ப வெச்சு என்ன பண்ணப் போறாங்களாம்? இங்கேருந்து போறப்பவே முன்னந்தலையில வெளிச்சம் அடிச்சிது."

"இப்ப பின்னாடியும் அடிக்குது."

நஃபீசா சிரித்துவிட்டாள். அஸ்லாமுக்கும் கொஞ்சம் மூச்சு வந்தது. வந்ததிலிருந்து நாற்காலியின் நுனியிலேயே உட்கார்ந்திருந்தவன் அப்போதுதான் முதுகைச் சாய்த்தான்.

சார்ஜாவில் அவனும் அவள் கணவன் அல்தாபும் ஒரே அறையில் இருக்கிறார்கள். அஸ்லாமுக்கு ஏ.சி. ரிப்பேர் வேலை, சொந்த ஊர் அரியலூர். லீவில் வந்தவன், அல்தாப் கொடுத்தனுப்பிய பையைச் சேர்ப்பதற்காகப் பெரம்பலூரில் பஸ் மாறி லப்பைக்குடிக்காட்டுக்கு வந்திருந்தான். பையில் பேரீச்சம்பழமும் பால்பவுடர் டின்னும் அல்தாபின் அம்மாவுக்கு முழங்கால் தைலமும் இருந்தன. அதைக் கொடுத்துவிட்டு, நஃபீசா தயாராக வைத்திருக்கும் மரச்சீப்பு, கரண்டிப் பார்சலை வாங்கிக்கொண்டு போக வேண்டும். அவ்வளவுதான் அவனுக்கு இட்ட வேலை. ஏர்போர்ட்டுக்கு வழியனுப்ப வந்த அல்தாப் அவன் சட்டைக் காலரைச் சரிசெய்வதுபோலப் பிடித்துக்கொண்டு, வேறு எதையும் பேச வேண்டாம், கொடுத்ததை வாங்கிக்கொண்டு வந்தால் போதும் என்று திரும்பத் திரும்பச் சொல்லி அனுப்பியிருந்தான்.

வீட்டுக் கதவு அகலமாகத் திறந்து கிடந்தது. உள்ளறையில் அல்தாபின் அம்மா அஸர் தொழுதுகொண்டிருந்தார். நஃபீசா துப்பட்டாவை உடம்பு முழுக்கச் சுற்றிக்கொண்டு, அறைக்கும் கூடத்துக்கும் நடுவில் நிலையோரமாக உட்கார்ந்திருந்தாள்.

"யாருக்கு அண்ணே பத்து?"

"ஃப்ரெண்ட்ஸுக்குத்தான்... கொடுக்கறதுக்கு."

"ஃப்ரெண்டுக்குக் கொடுக்கறதுன்னா ஆளுக்கு ஒண்ணு வேற வேறயால்ல கேப்பாங்க? இது ஸ்கூல் யூனிஃபார்ம் மாதிரி இருக்கு."

"அவனுக்கு என்ன தெரியும். நல்லா இருந்துச்சு, அதையே கேட்டுட்டான்."

"பத்தெல்லாம் இப்ப... பாக்கலாம். இப்போதைக்குக் கட்டி வெச்சிருக்கறத எடுத்துட்டுப் போங்க."

ஷோகேஸ் ஓரத்தில் சணல் சுற்றிய அட்டைப்பெட்டி ஒன்று இருந்தது. ஷோகேஸுக்குள்ளே பீங்கான் கோப்பைகளும் பிளாஸ்டிக் பூவும் கல்யாணப் போட்டோவும். மரத்தில் செய்தது ஒன்றுகூட இல்லை. அதைப் பார்த்துவிட்டு அஸ்லாம் கேட்டான்.

"வூட்டுல ஒண்ணுகூட வெச்சுக்க மாட்டீங்களா?"

"எனக்கு எதுக்கு? அவுங்களுக்குன்னு செய்யறது. அவுங்ககிட்டதான் இருக்கணும்." பிறகு குரல் கொஞ்சம் இறங்கியது. "கட்டிலுக்கு மேல பலகை அடிச்சு வரிசையா வெச்சிருக்கேன்னாங்க. போட்டோ எடுத்து அனுப்புங்கன்னா ரூம்ல வெளிச்சம் பத்தலங்கறாங்க. நீங்க பாத்திருப்பீங்கள்ல?"

"பலகை... ஆமா. இருக்கு."

பலகை இருந்தது உண்மைதான். அதன் மேல் ஷேவிங் சாமானும் சார்ஜரும் கிடக்கும்.

பேச்சை மாற்ற வேண்டும் என்று அவன் அவசரமாக வேறு கேள்வி தேடினான். உளி பிடிக்க எங்கே கற்றுக்கொண்டாள் என்று கேட்டான். நஃபீசா அதற்கு விரிவாகவே பதில் சொன்னாள். கல்யாணமாகி அல்தாப் திரும்பிப் போன பிறகு, போனில் யாரோ ஒரு கிழவர் கரண்டி செதுக்குவதைப் பார்த்தாளாம். கொல்லையில் ஒரு பூவரசங்கிளை வெட்டிப் போட்டிருந்தது. தேங்காய் கீறும் கத்தியால் ஆரம்பித்தாள். முதல் கரண்டி கரண்டி மாதிரியே இல்லை. அதையும் அல்தாப் கேட்டு வரவழைத்துக்கொண்டான். அப்புறம் உளி வாங்கினாள். சீப்பு, கண்ணுக்கு இடும் சுர்மா டப்பி, ஓதும்போது குர்ஆன் வைக்கிற ரெஹால் என்று ஒவ்வொன்றாக வந்தது. ஊரிலிருந்து யாராவது போய்க்கொண்டே இருப்பார்கள், அவர்களிடம் கொடுத்தனுப்புவாள்.

"விக்கலாமே தங்கச்சி. யாரும் கேட்டதில்லையா?"

"கேக்காம என்ன. பெரம்பலூர்லேருந்து ஒரு மேடம் வந்தாங்க. புக் ஃபேர்ல ஸ்டால் போடறோம், உங்களோடத வெக்கறோம்னாங்க. மாட்டேன்னுட்டேன்."

"ஏன்?"

"ஏன்னா... மாட்டேன்."

"அது ஒரு பதிலா?"

"வித்தா அப்பறம் அது வேற அண்ணே. இன்னிக்கு எத்தன முடிச்ச, நாளைக்கு எத்தனன்னு ஆயிடும். இப்ப அப்படி இல்ல. அவுங்க மேல கோவம் வந்தாகூட உளிய எடுத்துக்கிட்டு உக்காந்துடுவேன். முடிக்கறப்ப கோவம் போயிருக்கும். அத எந்தக் கடையில வெச்சு விக்கறது?"

அஸ்லாம் விடவில்லை. விட்டிருக்கலாம். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அவள் மனதைக் கொஞ்சம் இளக்கிவிட்டால் அல்தாபுக்கு நல்லது என்று அவனுக்கு எங்கேயோ தோன்றியது.

"இலவசமா வர்றத எவனும் மதிக்க மாட்டான் தங்கச்சி. காசு கொடுத்து வாங்கினவன்தான் பத்திரமா வெச்சுக்குவான்."

"காசு கொடுத்தவன் தூக்கிப் போடவும் செய்வான். கேட்டா, என் காசும்பான்."

"பத்துப் பேர் தூக்கிப் போடட்டும். ஒருத்தன் வெச்சுக்குவான்ல?"

"எனக்கு அந்த ஒருத்தர்தான் இருக்காங்களே."

அவனால் அவளை நேராகப் பார்க்க முடியவில்லை. கொடுத்திருந்த டீயை எடுத்துக் குடித்தான். ஆறிப்போயிருந்தது.

நஃபீசா தானாகவே தொடர்ந்தாள். பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் வேம்பு என்று ஒரு நர்ஸ் அக்கா இருக்கிறார், ஆண்டிமடம் பக்கம் ஊர். மாமிக்கு முழங்கால் காட்டப் போனபோது பழக்கம். அவரும் மரம் செதுக்குகிறவர். அண்ணன் வீட்டு முந்திரிக் கொல்லையில் காய்ந்து விழுகிற கிளைதான் அவருக்கு மரம். தன்னைவிடப் பல மடங்கு கைத்திறமை என்றாள். அவர் எதையும் வைத்துக்கொள்ள மாட்டாராம். வார்டுக்கு வருகிற நோயாளி, பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர், யார் நன்றாக இருக்கிறது என்று சொன்னாலும் கையில் கொடுத்துவிடுவாராம். ஒரே ஒரு சொல் மட்டும் வாங்கிக்கொள்வாராம், காசுக்கு மட்டும் கொடுத்துவிடாதே என்று.

"அதென்ன அப்படி?"

"நானும் கேட்டேன். அவங்க தாத்தா காலத்துல எல்லாம் அடுத்தவங்க நெலத்துல கூலி வேல. எங்க ஆளுங்க கை செஞ்சதுக்கெல்லாம் எவனோ ஒருத்தன்தான் வெல வெச்சான், இது ஒண்ணாவது வெல இல்லாம இருக்கட்டும்னாங்க. அதுக்கு மேல நான் ஒண்ணும் கேக்கல."

அஸ்லாம் அட்டைப்பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடலாம் என்று எழுந்தான். எழுந்த பிறகுதான் அல்தாப் சொன்ன இன்னொன்று நினைவுக்கு வந்தது. சாதாரண விஷயம் என்று நினைத்துத்தான் சொன்னான்.

"அப்பறம் தங்கச்சி... கடைசியா வந்த ரெண்டு பெட்டியில எதுலயும் அடியில பேர் வெட்டல போலருக்கு. அப்படியே இருக்கட்டும்னான். இனிமே பேர் போட வேணாமாம்."

நஃபீசா அவனை நேராகப் பார்த்தாள்.

அவள் செய்கிற ஒவ்வொன்றின் அடியிலும் அல்தாப் என்று அரிசியளவு எழுத்தில் வெட்டியிருப்பாள். தேடினால்தான் தெரியும். சீப்பில் பல் முடிகிற இடத்தில், கரண்டியில் காம்பின் நுனியில், டப்பியில் மூடிக்கு உள்ளே.

"அவுங்களா சொன்னாங்க? பேர் வேணாம்னு?"

"ஆமா... சும்மாதான்."

"அவுங்க பேரு. அவுங்களுக்கே ஏன் வேணாமாம்?"

"இல்ல, பேர் இருந்தா தேய்க்கற வேல ஒண்ணு சேந்துக்குது பாருங்க, அதான்..."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவன் காதிலேயே விழுந்தது.

"தேய்க்கறதா?"

"இல்ல... தொடைக்கறது. தூசு வந்து அடையுதுல்ல, அந்த எழுத்துக்குள்ள..."

"தேய்க்கறதுன்னீங்க."

"எண்ணெய் போட்டுத் தேய்க்கறத..."

"எண்ணெய் தேய்க்கறதுக்கு எழுத்து எந்த விதத்துல எடஞ்சல்? அண்ணே, இங்க பாருங்க. எதால தேய்ச்சீங்க?"

அவன் பார்வை வாசலுக்குப் போனது.

"உப்புத்தாளா?"

அவன் மறுபடியும் நாற்காலியில் உட்கார்ந்தான்.

"யாரு தேய்ச்சா? அவுங்களா?"

"நான்தான். அவனால முடியல. உப்புத்தாள எடுத்துக்கிட்டு உக்காருவான், அப்படியே வெச்சுக்கிட்டு உக்காந்திருப்பான். அப்பறம் எங்கிட்ட நீட்டிடுவான்."

"கொடுக்கறதுக்காகவா பேர எடுத்தீங்க?"

"இல்ல தங்கச்சி."

"பின்ன? சொல்லுங்க அண்ணே."

"விக்கறதுக்கு."

உள்ளறையில் தொழுகை முடிந்து அல்தாபின் அம்மா ஸலாம் கொடுக்கிற சத்தம் கேட்டது. நஃபீசா அசையவில்லை. அழுவாள் என்று அஸ்லாம் எதிர்பார்த்தான். அவள் அழவில்லை. யாரோ எதிர்பாராமல் கன்னத்தில் அறைந்தால் ஒரு கணம் வலி வருவதற்கு முன்னால் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தாள்.

"யாரும்மா அது? அல்தாபா பேசறான்?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"இல்ல மாமி. அஸ்லாம் அண்ணன். சாமான் கொடுக்க வந்தாங்க."

"டீ கொடுத்தியா?"

"கொடுத்தாச்சு மாமி."

குரல் கொஞ்சம்கூட மாறவில்லை. அதுதான் அஸ்லாமை அதிகம் பயமுறுத்தியது. அவள் முன்னால் குனிந்து, உதடு மட்டும் அசைய, உள்ளே கேட்காதபடி சொன்னாள்.

"மாமிக்கு இருதயம் சரியில்ல. மெதுவாப் பேசுங்க. ஆனா எல்லாத்தையும் சொல்லுங்க."

அவன் சொன்னான். இனிமேல் மறைக்க ஒன்றுமில்லை. அல்தாப் ஸ்டோர் கீப்பராக இருந்த கம்பெனி மூடி ஒரு வருஷத்துக்கு மேலாகிறது. தெரிந்தவர் ஒருவர் தன் கடையின் பேரில் விசா மட்டும் போட்டுக் கொடுத்திருக்கிறார். அங்கே வேலையும் இல்லை, சம்பளமும் இல்லை. கிடைத்த நாளில் லோடு இறக்கப் போவான். கிடைக்காத நாளில் படுத்திருப்பான். முதல் மாதம் வீட்டுக்கு அனுப்பப் பணமில்லாமல் ரூமில் நாலு பேரிடம் கேட்டுப் பார்த்தான். அந்த நேரத்தில்தான் பக்கத்துக் கட்டடத்தில் வேலை பார்க்கிற பிலிப்பைன்ஸ் பெண் ஒருத்தி ஜன்னலில் இருந்த சீப்பைப் பார்த்துவிட்டு விலை கேட்டாள். முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டான். சாயங்காலம் தானே எடுத்துக்கொண்டு போய் அவளிடம் கொடுத்துவிட்டு வந்தான். அன்றைக்குச் சாப்பிடவில்லை.

"அன்னிக்குச் சாப்பிடல. அடுத்த நாள் சாப்பிட்டாங்கள்ல?"

அப்புறம் விற்பது நிற்கவில்லை என்று அஸ்லாம் தொடர்ந்தான். லீவு நாளில் பார்க் பக்கம் ஒரு துண்டை விரித்துப் போட்டு உட்காருவான். செக்கிங் வருகிற மாதிரி இருந்தால் துண்டோடு சுருட்டிக்கொண்டு ஓட வேண்டும். பிடித்தால் நேராக ஜெயில், அப்புறம் ஊர். அஸ்லாம் தெருமுனையில் நின்று பார்த்துக்கொள்வான். பேர் வெட்டியிருந்தால் வாங்குகிறவர்கள் தயங்கினார்கள், ஏற்கெனவே ஒருவர் வைத்திருந்த பொருள் என்று. அதனால்தான் உப்புத்தாள்.

"அப்ப, இங்க மாசா மாசம் வந்தது..."

"லோடு எறக்கின காசு கொஞ்சம். மீதியெல்லாம்... ஒங்களோடதுதான்."

"மாமிக்கு மாத்திர வாங்கினது, அரிசி வாங்கினது, பெருநாளைக்குத் துணி எடுத்தது. எனக்கே நான் சம்பாதிச்சுப் போட்டிருக்கேன். எனக்குத்தான் தெரியல."

அவள் சிரிக்கிறாளா என்று அஸ்லாமுக்குச் சந்தேகமாக இருந்தது. இல்லை, மூச்சுத்தான் அப்படி வந்தது.

"அவன் கெட்டவன் இல்ல தங்கச்சி. ஊருக்கு வந்தா எல்லாரும் என்ன கேப்பாங்க... அந்தப் பயம். வேற வேல கெடச்சிடும், கெடச்சிடும்னே ஓட்டிட்டான். சொல்லலாம்டான்னு நானும் சொன்னேன். விக்கவே மாட்டேன்னு பிடிவாதமா இருக்கறவகிட்ட எப்படிடா சொல்றதுன்னான்."

நஃபீசா இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாளா என்று தெரியவில்லை. திடீரென்று நிமிர்ந்தாள்.

"கடைசியா வந்தது? பேர் இல்லாம வந்ததுன்னீங்களே... அதையும் வித்தாச்சா?"

"அதுதான் மொதல்ல போச்சு. கையில எடுத்தவங்க கீழ வெக்கல. அப்படி ஒரு வேலப்பாடு..."

"அதுக்கு முன்னாடி வந்த பெட்டி?"

"அதுவும்."

"ஒண்ணுகூடவா இல்ல?"

"இல்ல... எல்லாம் போச்சு."

"அல்லாவே" என்று அவள் சொன்னது கேட்டதா, உதட்டில் பார்த்ததா என்று அஸ்லாமுக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. தன் பேச்சில் அவளை அதிகமாக உலுக்கியது எது என்பதும் அவனுக்குப் புரியவில்லை. வேலை போனதைச் சொன்னபோதுகூட உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்திருந்தவள், கடைசி இரண்டு பெட்டி என்றதும் எழுந்து போய் அந்த அட்டைப்பெட்டியைத் தூக்கி, அவனுக்கு எட்டாத பக்கமாக, உள்ளறைக் கதவுக்குப் பின்னால் வைத்துவிட்டு வந்தாள். திருடனிடமிருந்து எடுத்து ஒளித்து வைப்பதுபோல இருந்தது அது.

"தங்கச்சி..."

"இது போவாது. இது இங்கயே இருக்கட்டும்."

"சரி. நான் கேக்கல."

"நீங்க எதுக்கு அண்ணே கேக்கணும். நீங்க எனக்குச் சொன்னதே பெருசு."

அந்த நேரத்தில் அவள் போன் அடித்தது. வீடியோ கால். அல்தாப்தான். அஸ்லாம் போய்ச் சேர்ந்துவிட்டானா என்று கேட்பதற்காகக் கூப்பிடுகிறான்.

எடுக்க வேண்டாம் என்று அஸ்லாம் கையால் சைகை செய்தான். கொஞ்சம் ஆறட்டும், பிறகு பேசலாம் என்றான். அவள் வலது கையில் போனை எடுத்துப் பச்சைப் பொத்தானைத் தொட்டாள். சத்தத்தைக் குறைத்துக்கொண்டு, வாசல் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். அஸ்லாமுக்கும் திரை தெரிந்தது.

"அஸ்ஸலாமு அலைக்கும். என்னம்மா, அஸ்லாம் வந்துட்டானா?"

"வஅலைக்கும் ஸலாம். வந்துட்டாங்க."

"இப்பதான் டூட்டி முடிஞ்சு ரூமுக்குள்ள நொழயறேன். ஒரே அலைச்சல்..."

நீலச் சட்டை, பையில் கம்பெனி முத்திரை. அந்தச் சட்டையை அஸ்லாம் நன்றாக அறிவான். ரூமில் ஆணியில் தொங்கும். வீட்டுக்குப் பேசும்போது மட்டும் எடுத்துப் போட்டுக்கொள்வான். அதற்காகவே துவைத்துத் தேய்த்து வைத்திருப்பான். கீழே கைலியோடுதான் இருப்பான். போனில் அது தெரியாது.

நஃபீசா அந்தச் சட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சட்ட நல்லாருக்கு. கழட்டிடுங்க."

"என்னது?"

"டூட்டி முடிஞ்சிருச்சுல்ல. கழட்டிட்டுப் பேசுங்க. அஸ்லாம் அண்ணன் எல்லாத்தையும் சொல்லிட்டாங்க."

அந்தப் பக்கம் படம் உறைந்துவிட்டதோ என்று அஸ்லாம் நினைத்தான். இல்லை, பின்னால் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அல்தாப்தான் அசையாமல் இருந்தான். பிறகு போனை எங்கேயோ சாய்த்து வைத்துவிட்டு, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான்.

"அஸ்லாம் பக்கத்துல இருக்கானா?"

"இருக்காங்க. அவங்கள ஒண்ணும் சொல்லாதீங்க. வாய் தவறித்தான் வந்துச்சு."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

அல்தாப் பேச ஆரம்பித்தான். அஸ்லாம் ஏற்கெனவே சொன்னதைத்தான் அவனும் சொன்னான், முன்னும் பின்னுமாக, பாதிப் பாதியாக. மன்னிப்புக் கேட்டான். துண்டு விரித்து உட்கார்ந்த முதல் நாள், ஒவ்வொரு சீப்பு போகும்போதும் ஓடிப்போய்த் திரும்ப வாங்கிவிடலாமா என்று இருந்தது என்றான்.

"எல்லாத்தையும் விக்கல நஃபீசா. ஒண்ணு வெச்சிருக்கேன். இவனுக்குக்கூடத் தெரியாது."

அஸ்லாமுக்கு அது உண்மையிலேயே தெரியாது.

அல்தாப் தலையணைக்கு அடியில் கையை விட்டு ஒரு கைக்குட்டையை எடுத்தான். அதைப் பிரித்து, உள்ளே இருந்ததைக் கேமராவுக்கு முன்னால் தூக்கிப் பிடித்தான். மரச் சங்கிலி. ஒரே கட்டையில் செதுக்கியது, ஒட்டும் இல்லை, வெட்டி இணைத்ததும் இல்லை. கண்ணியோடு கண்ணி கோத்துத் தொங்கியது. கண்ணிகள் ஒன்றோடொன்று உரசும் சத்தம் போனில்கூட லேசாகக் கேட்டது.

"இதப் பாத்தா யாரும் கேட்டிருப்பாங்க. நான் வெளிய எடுக்கவே இல்ல. பெட்டியப் பிரிச்ச அன்னிக்கே எடுத்து வெச்சுட்டேன். வேல இல்லாத நாள்ல இத ஒண்ணொண்ணா வெரல்ல தள்ளிக்கிட்டுப் படுத்திருப்பேன்... தஸ்பீஹ் மணி மாதிரி. இவ்வளவு பொறுமையா எனக்காக ஒருத்தி உக்காந்து செஞ்சிருக்கான்னு நெனச்சுக்குவேன். ஒன் கை வேல ஒண்ணாவது எங்கிட்ட இருக்கணும்ல. அத மட்டும் நான் விக்கலம்மா."

இனி அவள் அழுதுவிடுவாள், கோபம் கொஞ்சம் கரையும், மீதியை இரண்டு பேரும் பேசித் தீர்த்துக்கொள்வார்கள் என்று அஸ்லாம் நினைத்தான். கிளம்புவதற்காக மெல்ல எழக்கூடச் செய்தான்.

நஃபீசா சங்கிலியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அது நான் செஞ்சதில்லங்க."

"என்னம்மா?"

"அந்தச் சங்கிலி. அது நான் செஞ்சதில்ல."

"பெட்டியில நீ அனுப்பினதுதானே..."

"அனுப்பினது நான். செஞ்சது பெரம்பலூர்ல வேம்புன்னு ஒரு நர்ஸ் அக்கா."

அவள் துப்பட்டாவுக்குள்ளிருந்து இடது கையை வெளியே எடுத்து, போனுக்கு முன்னால் விரித்துக் காட்டினாள். கட்டைவிரல் அடியிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் தையல் போட்ட தழும்பு இறங்கியிருந்தது. மற்ற விரல்களை மடக்கினாள். கட்டைவிரல் மடங்கவில்லை, குச்சி மாதிரி நின்றது. இவ்வளவு நேரம் எதிரே உட்கார்ந்திருந்தும் அஸ்லாம் அதைக் கவனித்திருக்கவில்லை.

"மாமிக்கு முழங்கால் காட்டப் போனேன்னு ஒங்ககிட்ட சொன்னேன்ல அண்ணே, அது பொய். இதுக்குத்தான் போனேன். நோம்புக்கு முன்னாடி உளி வழுக்கிடுச்சு. நரம்பு அறுந்து போச்சு. கட்டையப் புடிக்க முடியல. மாமிகிட்டயும், அவுங்ககிட்ட சொல்லிடாதீங்க, பயந்துடுவாங்கன்னு சொல்லி வெச்சுட்டேன்."

"நோம்புக்கு முன்னாடியா... அப்ப, அதுக்கப்பறம் வந்ததெல்லாம்?" என்று அல்தாப் கேட்டான்.

"பூரா அந்த அக்காவோடது. இங்க கட்டி வெச்சிருக்கறதும்தான். கட்டுப் போட வந்தவங்க, எப்படி வெட்டிக்கிட்டேன்னு கேட்டாங்க. சொன்னேன். நானும் செதுக்குவேன், ஒனக்கு வேணுங்கறத எடுத்துக்கன்னு கொடுத்தாங்க. காசுக்கு மட்டும் கொடுத்துடாதன்னாங்க. கொடுக்க மாட்டேன் அக்கா, என் வூட்டுக்காரர் பத்திரமா வெச்சுக்குவாருன்னு சத்தியம் பண்ணிட்டு வந்தேன்."

அல்தாப் கையில் இருந்த சங்கிலி மெல்ல இறங்கியது.

"ஏன் நஃபீசா சொல்லல? கை இப்படி ஆனத எங்கிட்ட ஏன் சொல்லல நீ?"

"நீங்க ஏன் சொல்லலையோ அதுக்குத்தான். கட்ட ஒடிஞ்சு போச்சு, பேர் வெட்ட மறந்துட்டேன்னு எதையாவது சொல்லிக்கிட்டே இருந்தேன். இனிமே ஒங்களுக்குன்னு ஒண்ணும் செய்ய முடியாதுங்கறதச் சொல்ல எனக்கு வாய் வரல. நான் செஞ்சது எதுவும் இப்ப ஒங்ககிட்டயும் இல்ல, எங்கிட்டயும் இல்ல. அனுப்பறதுக்கும் இனிமே இங்க ஒண்ணும் இல்லங்க. அந்தச் சங்கிலிய மட்டும் யார் கண்ணுலயும் காட்டாம எடுத்துக்கிட்டுக் கெளம்பி வாங்க. நான் அந்த அக்கா மொகத்துல முழிக்கணும்."